முந்திச் செல்லும் மாணவரும் வகுப்பின் எல்லையும்: விருதுநகர் – சிவகாசி வட்டார நடுநிலைக் கணிதக் கல்வி குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தில் 11 முதல் 14 வயது வரையிலான மாணவருள் கணிதத்தில் தம் வகுப்பை முந்தி நிற்போர்க்கு எத்தகைய கற்றல் வாய்ப்புகள் இருந்தன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அத்தகையோரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடுகள் பெருகின. அவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாடுகள் பெருகவில்லை. விரைவுக் கல்வி என்ற ஒன்று இவ்வட்டாரத்தில் தோன்றியபோதும், அது பிந்தியோரை வகுப்பின் மட்டத்திற்குக் கொணரும் கருவியாகவே அமைந்தது.

திறவுச்சொற்கள்: நடுநிலைக் கல்வி, கணிதம், திண்ணைப் பள்ளி, சிவகாசி, குழந்தைத் தொழிலாளர், திறன் தேர்வுகள்

முன்னுரை

மேல்நிலைப் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் தொடர்ந்து பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்ற மாவட்டம் விருதுநகர். 2018ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே. இராமநாதபுரம் ஒன்று, மற்றொன்று இதே விருதுநகர். இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்கினால், தேர்ச்சி விகிதம் எதை அளக்கிறது என்ற வினா எழுகிறது. அது கடைசி மாணவர் 35 மதிப்பெண்ணைக் கடந்தாரா என்பதை அளக்கும் கருவி. அவ்வகையில் அது மதிக்கத்தக்கதே. ஆனால் ஏழாம் வகுப்பில் அமர்ந்துகொண்டு ஒன்பதாம் வகுப்பின் இயற்கணிதத்தைச் செய்யவல்ல ஒரு மாணவி அக்கருவியின் கண்ணில் படுவதே இல்லை. தேர்ச்சி பெறுவார் என்று முன்பே தெரிந்தவரைப் பற்றி அக்கணக்குக் கவலைகொள்வதில்லை.

மேலைநாடுகளில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் தொடங்கிய ஆய்வுத்திட்டம், கணிதத் திறன் மிக்க சிறுவர்களை வயதைக் கருதாமல் மேற்பாடங்களுக்கு அனுப்பலாம் என வாதிட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகள் 2014இல் எட்டாம் வகுப்பிலிருந்து இயற்கணிதப் பாடத்தை நீக்கியதும், 2024இல் நகர மக்களின் வாக்கெடுப்பு அதை மீளக் கோரியதும் பரவலாக விவாதிக்கப்பட்டவை. தமிழ்நாட்டின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. இங்கு இயற்கணிதம் ஆறாம் வகுப்புப் பாடநூலிலேயே அனைவர்க்கும் உரியதாக உள்ளது. ஆகவே இங்கு எழும் வினா பாடப்பொருளைப் பற்றியதன்று; வேகத்தைப் பற்றியது.

திண்ணைப் பள்ளியின் வேகம்

வேகம் என்பது எப்போதும் வகுப்பால் கட்டுண்டதாக இருந்ததில்லை. தாமஸ் மன்றோவின் ஆணையால் 1822இல் தொடங்கி நடைபெற்ற கல்விக் கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 நாட்டுப் பள்ளிகளையும் அவற்றில் பயின்ற ஏறத்தாழ 1,88,000 மாணவரையும் பதிவுசெய்தது. இப்பள்ளிகளில் கணக்கறிவின் அடித்தளம் எண்சுவடி. முந்திரி என்னும் 1/320, காணி என்னும் 1/80, மா என்னும் 1/20 முதலிய கீழ்வாய் அளவைகளையும் பெருக்கல் வாய்பாடுகளையும் மாணவர் மனனம் செய்து ஒப்பிக்க வேண்டும். ஓர் அடுக்கை ஒப்பித்து முடித்தவர் அடுத்ததற்குச் செல்வார். முடியாதவர் அங்கேயே நிற்பார். ஆண்டிறுதியில் அனைவரும் ஒருசேர மேலேறும் வழக்கம் அங்கில்லை. முந்தியவரே சட்டாம்பிள்ளையாகிப் பிந்தியவர்க்குச் சொல்லிக்கொடுத்தார். இம்முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், 1797இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலின் வழியே அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். எண்சுவடியும் கணக்கதிகாரமும் உள்ளூர்த் தொழில்களோடும் நிலவருவாயோடும் கொண்டிருந்த பிணைப்பைத் து. செந்தில்பாபுவின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன.

எனினும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகச் சித்திரிக்க இடமில்லை. வேகத்திற்குத் தடையில்லாத அப்பள்ளியின் வாசலில் சாதியும் பாலும் தடையாக நின்றன. தனித்தனி வேகம் என்ற வசதி, உள்ளே அமர்த்தப்பட்டவர்க்கே உரியதாயிற்று.

வகுப்பு என்னும் கட்டமைப்பு

அவ்வாசலை உடைத்த முயற்சிகளுள் ஒன்று இவ்வட்டாரத்திலேயே நிகழ்ந்தது. அன்று விருதுபட்டி என வழங்கிய ஊரில் நாடார் சமூகத்தினர் மகமை நிதியைக் கொண்டும், வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியைக் கொண்டும் 1889இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். மாகாணத்தின் பிற நவீனப் பள்ளிகளைப் போல இதுவும் வகுப்பு, பாடவேளை, ஆண்டுத் தேர்வு என்னும் புதிய ஒழுங்கில் இயங்கியது. வாசல் விரிந்தது, வேகம் ஒன்றாயிற்று. இதை இழப்பு என்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. பெருந்தொகையான பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்க வேறு வழி அன்று எவர்க்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்பள்ளியில் பயின்ற காமராசர் (பி. 1903), தந்தையை இழந்த குடும்பச் சூழலில் பன்னிரண்டு வயதளவில் படிப்பை நிறுத்தித் தாய்மாமனின் துணிக்கடைக்குச் சென்றார். தனிமனித வரலாறாகவே பெரிதும் சொல்லப்பட்டு வரும் இச்செய்தியில் கவனிக்கத்தக்கது அந்த வயது. கணிதம் எண்ணிலிருந்து குறியீட்டுக்குத் தாவும் பருவமும், குடும்பம் ஒரு பிள்ளையின் உழைப்பைக் கணக்கில் எடுக்கத் தொடங்கும் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. இவ்வட்டாரக் கல்வி வரலாற்றின் பெரும்பகுதி இந்த ஒரு பொருத்தத்தைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது எனலாம்.

விடுதலைக்குப் பிந்தைய பதினோராண்டுப் பள்ளிக்கல்வியில் கணிதத்திற்கு இரண்டு தடங்கள் இருந்தன. மாணவர் வழக்கில் அவை ‘ஜெனரல் மேத்ஸ்’, ‘காம்போசிட் மேத்ஸ்’ எனப்பட்டன. முன்னது பெரிதும் அன்றாடக் கணக்கு சார்ந்தது; பின்னது இயற்கணிதத்தையும் வடிவியலையும் விரிவாகக் கொண்டது. கல்லூரியில் கணிதமோ பொறியியலோ பயில விரும்பியவர்க்குப் பின்னதே வழி. எட்டாம் வகுப்புக்குப் பின் நிகழ்ந்த இத்தேர்வை உண்மையில் தீர்மானித்தவை நடுநிலை வகுப்புகளில் வாய்த்த ஆசிரியரும் வீட்டின் எதிர்பார்ப்புமே. 1978இல் மேல்நிலைக் கல்வி முறை வந்தபின் பத்தாம் வகுப்பு வரை அனைவர்க்கும் ஒரே கணிதம் என்பது வழக்காயிற்று. மெட்ரிக்குலேஷன் பள்ளிகளின் தனிப் பாடத்திட்டம் மட்டும் கட்டணம் செலுத்தக் கூடியவர்க்கான வேறொரு தடமாக நீடித்தது. உச்ச நீதிமன்றத்தின் 2011 ஆகஸ்டுத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர்க் கல்வி முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது அதுவும் பொதுப் பாடத்திட்டத்திற்குள் வந்தது. சமச்சீர்க் கல்வி தவிர்க்கவியலாத நீதி. ஆனால் பொதுப் பாடநூலை முடித்துவிட்டவர் அடுத்து என்ன செய்வது என்ற வினாவை அவ்விவாதத்தில் எத்தரப்பும் முன்வைக்கவில்லை. அவ்வினாவுக்கான விடை தனிப்பயிற்சி மையங்களிடம் சென்று சேர்ந்தது.

குரோஸ் கணக்கு

சிவகாசியின் வரலாறு இதனின்றும் விலகிச் செல்கிறது. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் தொடங்கிய தொழில் கைவேலையை நம்பியது. கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் ஆகிய வேலைகளுக்கு எண்ணிக்கைப்படி கூலி. பெட்டிகள் குரோஸ் கணக்கில், அதாவது 144 கொண்ட தொகுதிகளாக எண்ணப்பட்டன. பின்னர்ப் பெருகிய பட்டாசுத் தொழிலிலும் எண்ணிக்கைக் கூலியே பரவலான முறையாயிற்று.

இத்தொழில்களில் குழந்தைகளின் உழைப்பு பல்லாண்டுகள் உள்ளூரில் இயல்பான ஒன்றாகக் கருதப்பட்டது. 1976இல் தீப்பெட்டி ஆலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்த பின்னரே அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை அமைத்தது. 1979இல் குருபாதசாமி குழு, 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் எனத் தொடர்ந்த நடவடிக்கைகளின் உச்சம், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று அளித்த தீர்ப்பு. சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது அது.

இடையில் 1988இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், வேலையிலிருந்து மீட்கப்பட்ட 9 முதல் 14 வயதினர்க்குச் சிறப்புப் பள்ளிகளை ஏற்படுத்தியது. சிவகாசி அத்திட்டத்தின் தொடக்கக் களங்களுள் ஒன்று. தொடக்கக் கல்வியின் பாடங்களைச் சுருங்கிய காலத்தில் கற்பித்து, வயதுக்கேற்ற வகுப்பில் மாணவரைச் சேர்ப்பதே இப்பள்ளிகளின் நோக்கம். வடிவத்தில் இது முழுமையான விரைவுக் கல்வி. ஒரு மாணவர் ஓராண்டில் இரண்டு ஆண்டுப் பாடத்தைக் கற்க முடியும் என்பதை அரசு நிறுவனரீதியாக ஒப்புக்கொண்ட முதற்சான்றாக இதனை இவ்வட்டார வரலாற்றில் கருதலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நான்காம் பிரிவில் ‘சிறப்புப் பயிற்சி’ என்ற பெயரில் இக்கருத்தைச் சட்டமாகவே ஆக்கியது. ஆயினும் விரைவு, வயதுக்குரிய வகுப்பை எட்டியதும் முடிந்துவிட வேண்டும். அதற்கப்பால் அதே வேகத்தில் செல்லக்கூடியவரைப் பற்றித் திட்டமும் பேசவில்லை, சட்டமும் பேசவில்லை.

அப்படியொருவர் இருக்கக்கூடுமா என ஐயுறுவோர் பிரேசிலின் ரெசீபி நகரில் நடைபெற்ற ஆய்வொன்றை நோக்கலாம். தெருவில் பொருள் விற்ற சிறுவர்களிடம் நூன்ஸ் கராஹர், கராஹர், ஸ்லீமன் ஆகியோர் நடத்தி 1985இல் வெளியிட்ட இவ்வாய்வில், விற்பனையின்போது கேட்கப்பட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டுக்கு அச்சிறுவர்கள் சரியான விடை கூறினர். அதே கணக்குகளைப் பள்ளி முறையில், வெறும் எண்களாகத் தந்தபோது அது 37 விழுக்காடாகச் சரிந்தது. ஆய்வுக்குட்பட்டோர் ஐவரே என்பதால் இதைப் பொதுவிதியாகக் கொள்ள இயலாது. ஆனால் பள்ளி ‘பின்தங்கியவர்’ என வகைப்படுத்தும் மாணவர், வேறோர் அளவையில் முந்தியவராக இருக்கக்கூடும் என்பதற்கு இது போதிய சான்று. குரோஸ் கணக்கில் கூலியைக் கணித்த பிள்ளைக்கும் இது பொருந்தக்கூடும். அதற்காக வேலைத்தலத்தைக் கணிதப் பள்ளியாகப் போற்றுவது கொடுமை. அங்கு 144இன் மடங்குகள் பழகியிருக்கலாம். ஏன் 144 என்று கேட்கும் ஓய்வு எவர்க்கும் கிடைத்ததில்லை.

தேர்வு உண்டு, வகுப்பு இல்லை

இன்று நடுநிலை மாணவரின் திறனை அரசு அறிய முனையும் முதன்மை வழி, 2008இல் தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. எட்டாம் வகுப்பு மாணவர் எழுதும் இத்தேர்வின் வழியே தமிழ்நாட்டிற்கு ஆண்டுக்கு 6,695 உதவித்தொகைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. தொடக்கத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்த தொகை 2017 முதல் 12,000 ரூபாய். இடைநிற்றலைத் தடுப்பதே இதன் நோக்கம் என்பதால், சிவகாசி போன்ற இடத்தில் இத்தொகைக்குத் தனிப் பொருளுண்டு. மாதம் 1,000 ரூபாய் ஒரு பிள்ளையை வேலைக்கு அனுப்பாதிருக்கச் சொல்லும் காரணமாகலாம். ஆனால் தேர்வின் அமைப்பை நோக்குக. மனத்திறன் தேர்வில் 90 வினாக்கள். படிப்பறிவுத் தேர்வில் 90. பின்னதில் கணிதத்திற்கு உரியவை 20 மட்டுமே. வென்றவர் பெறுவது பணம். ஒன்பதாம் வகுப்பில் அவர் மற்றவரோடு அதே பாடத்தை அதே வேகத்தில்தான் தொடர்கிறார்.

பிற ஏற்பாடுகளும் இவ்வெல்லைக்குள்ளேயே நிற்கின்றன. ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்பினர்க்குரியது. மாவட்டத்திற்கு 50 மாணவர், 50 மாணவியர். நகராட்சி, மாநகராட்சிப் பகுதிப் பள்ளிகள் அதன் வரம்புக்கு வெளியே உள்ளதால், நகராட்சியாக இருந்து 2021இல் மாநகராட்சியான சிவகாசி நகரின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எட்டாது. அரசு அண்மையில் தொடங்கிய உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்குகின்றன. ஆறாம் வகுப்பில் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் நவோதயா பள்ளிகளை, இருமொழிக் கொள்கையின் அடிப்படையில் மாநிலம் ஏற்கவில்லை. அம்முடிவின் அரசியல் நியாயம் வேறு விவாதம். அவ்விடத்தில் மாநிலம் தனக்கென ஒன்றைக் கட்டியெழுப்பவில்லை என்பதே இங்கு வரலாற்றுச் செய்தி. 1965இல் சென்னையில் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் ஏழு, எட்டாம் வகுப்பினர்க்கெனத் தனிநிலையில் திறன்தேர்வு நடத்தி வருகிறது. அது பள்ளி முன்வந்து பதிவுசெய்தால் மட்டுமே மாணவரை வந்தடையும்.

கற்பிக்கும் ஏற்பாடு ஏன் உருவாகவில்லை என்பதற்கான விடையின் ஒரு பகுதி கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அது வேண்டுவது, அறிவியலுக்கும் கணிதத்திற்கும் சேர்த்துக் குறைந்தது ஓர் ஆசிரியர். சிறிய ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அந்த ஒருவரே மூன்று வகுப்புகளுக்கும் இரு பாடங்களையும் நடத்த நேர்கிறது. முந்திய மாணவர்க்கென அவர் ஒதுக்கக்கூடிய நேரம், பள்ளி முடிந்தபின் உதவித்தொகைத் தேர்வுக்காக நடத்தும் பயிற்சி வேளைதான். எண்தொடர்களும் புதிர்களும் நிறைந்த அவ்வேளையில் பாடநூலைக் கடந்த கணிதத்தை மாணவர் சிலர் முதன்முறையாகச் சந்திக்கின்றனர். தேர்வு நாளோடு அவ்வேளையும் முடிகிறது. எட்டாம் வகுப்போடு அப்பள்ளியும் முடிகிறது. மாணவர் மாற்றுச் சான்றிதழோடு வேறோர் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்கிறார். பிறந்த நாள், பயின்ற வகுப்பு, நடத்தை ஆகியவை அச்சான்றிதழில் எழுதப்படும். கணிதத்தில் அவர் எதுவரை சென்றிருந்தார் என்பதை எழுத அதில் இடமில்லை.