லெத்வே சாம்பியன்கள்: காலம் கடந்த ஒப்பீடு

வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை சாம்பியன்கள் இருவர் நேருக்கு நேர் மோதினால் யார் வெல்வார் என்று கணிப்பது, ஹெவிவெயிட் குத்துச்சண்டை ரசிகர்களிடையே நெடுங்கால வழக்கம். மியான்மரின் மரபுச் சண்டையான லெத்வேயில் இதற்கு இணையானது, எடை வரம்பில்லாத திறந்த எடைப் பட்டத்தை வென்றவர்களை ஒப்பிடுவது. இப்பட்டத்தின் பெரிய சண்டைகள் பல யாங்கோனின் தெய்ன்பியூ அரங்கில் நடந்தவை. மியான்மரில் லெத்வே தேசிய விளையாட்டாகவே மதிக்கப்படுகிறது.

கணினிக் கணிப்பு

இத்தகைய ஒப்பீட்டை முதன்முதலில் பெரிய அளவில் நடத்தியவர் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் மர்ரே வொரோனர். 1967இல் 16 ஹெவிவெயிட் வீரர்களின் வேகம், குத்தின் வலு, காயம் தாங்கும் திறன் ஆகியவற்றை எண்களாக்கி, என்சிஆர் 315 கணினியில் ஏற்றினார். அதில் கிடைத்த முடிவுகள் நேர்முக வர்ணனை போல ஒலிபரப்பாயின. இறுதிச் சுற்றில் ஜாக் டெம்ப்சியை ராக்கி மார்சியானோ வீழ்த்தினார். கால் இறுதியில் ஜேம்ஸ் ஜெஃப்ரீசிடம் தோற்றதாகக் காட்டப்பட்ட முகமது அலி, அவதூறு வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கின் சமரசமே 1969இல் மயாமியில் அலியும் மார்சியானோவும் நடித்த படத்துக்கு வழிவகுத்தது. 49 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காமல் ஓய்வு பெற்றிருந்த மார்சியானோவுக்கு அப்போது வயது 45, அலிக்கு 27. முடிவு இருவருக்கும் தெரியாதபடி பல முடிவுகள் படமாக்கப்பட்டன. 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானபோது, 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றதாகக் காட்டப்பட்டது. ஐரோப்பாவுக்குச் சென்ற படத்தில் வென்றவர் அலி. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் விமான விபத்தில் இறந்த மார்சியானோ, இரண்டு முடிவுகளையும் பார்க்கவில்லை.

லெத்வேயின் விதி வரலாறு

இரு கை, இரு கால், இரு முழங்கை, இரு முழங்கால், தலை ஆகிய ஒன்பதும் லெத்வேயில் ஆயுதங்கள். கையுறை கிடையாது, கையில் காஸ் துணியும் டேப்பும் மட்டுமே சுற்றப்படும். சண்டைக்கு முன் வீரர் மடித்த இடக்கையை வலக்கையால் தட்டி எதிரியை அறைகூவி அழைப்பார். இது லெக்கா மௌன் எனப்படும். பின்னணியில் மேளமும் குழலும் ஒலிக்கும்.

பழங்காலத்தில் மேடைக்குப் பதில் மணற்களமே இருந்தது. சுற்றுக் கணக்கு இல்லை. ஒருவர் விழும்வரை அல்லது பணியும்வரை சண்டை நீளும். இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ச்சா பா ஞெய்ன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பர்மாவுக்காகக் குத்துச்சண்டையில் இறங்கிய அவர், பின்னர் மோன், கயின் பகுதிகளில் சுற்றி மரபு நுணுக்கங்களைத் திரட்டி விதிகளை வகுத்தார். நவீன லெத்வேயின் தந்தை என்ற பெயர் அவருக்கே உரியது.

மரபு விதிப்படி மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து. புள்ளிகள் இல்லை. ஐந்தாம் சுற்று முடிவில் இருவரும் நின்றால் சண்டை சமன். சாய்ந்தவருக்கு ஒருமுறை இரண்டு நிமிட அவகாசம் உண்டு; அதற்குள் மூலையில் இருப்போர் தண்ணீர் தெளித்து, உடம்பைத் தேய்த்து, மயக்கம் தெளிவித்து மீண்டும் அனுப்பலாம். ஐந்தாம் சுற்றில் மட்டும் இந்தச் சலுகை இல்லை.

ஒப்பிடும் முறை

இவ்விதிகளைக் கணக்கில் கொள்ளாமல் லெத்வே வீரரின் வெற்றிப் பட்டியலை அளப்பது தவறு. எதிரியை ஐந்து சுற்றும் துவைத்தெடுத்தவருக்கும் அவர் விழாவிட்டால் கிடைப்பது சமனே. சமன்கள் மிகுந்த பட்டியல் தளர்ச்சியின் அடையாளம் அல்ல. ஹெவிவெயிட்டிலும் இதே நிலைதான்: 1910இல் ஜாக் ஜான்சன் – ஜெஃப்ரீஸ் சண்டை 45 சுற்றுகளுக்குத் திட்டமிடப்பட்டது, பிற்காலப் பட்டச் சண்டைகள் 15 சுற்று, இன்று 12. மூச்சை அடக்கிச் சேமித்தவருக்கும் முதல் மணியிலிருந்தே பாய்ந்தவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

பிடிமுறைகளும் அப்படியே. 1974இல் ஜோ ஃப்ரேசியருடன் நடந்த இரண்டாம் சண்டையில் அலி எதிரியின் பிடரியைப் பிடித்திழுத்துப் பலமுறை கட்டிக்கொண்டார். தலைமுட்டு அனுமதிக்கப்பட்ட லெத்வேயில் அந்தப் பிடி அவருக்கே ஆபத்தாகியிருக்கும். ஆகவே எந்த விதியின் கீழ் மோதல் என்று முதலில் வரையறுத்த பிறகே இரு சாம்பியன்களை எதிரெதிரே நிறுத்த வேண்டும்.

பட்ட வரிசை

முந்தைய தலைமுறையில் வான் சாய், ஷ்வே டு வுன், லோன் சாவ் ஆகியோர் புகழ்பெற்றவர்கள். அவர்களுக்குப் பின் வந்த துன் துன் மின், கனடா வீரர் டேவ் லெடுக்குடன் 2016 ஆகஸ்டில் மோதி சமன் செய்தார். அதே ஆண்டு டிசம்பர் 11இல் தெய்ன்பியூ அரங்கில் லெடுக் அவரை வென்று, திறந்த எடைப் பட்டம் பெற்ற முதல் வெளிநாட்டவரானார். லோன் சாவும் லெடுக்கும் தத்தம் உச்ச காலத்தில் மோதியிருந்தால் என்ற கேள்விக்கு மரபு விதியே நடுவர். அதன்படி சமனே மிகப் பொருத்தமான விடை.

இன்றைய நிலை

2017 மார்ச்சில் யாங்கோனில் தொடங்கிய உலக லெத்வே சாம்பியன்ஷிப் நடுவர் புள்ளிகளைப் புகுத்தி, இரண்டு நிமிட அவகாசத்தை நீக்கியது. கொரோனாவும் 2021 ராணுவ ஆட்சிக் கைப்பற்றலும் போட்டிகளைப் பெரிதும் பாதித்தன.