பதினொருவருக்குப் பின்னால் யார்?

புதிய காற்பந்துப் பருவம் தொடங்குமுன் எந்தக் குழு பலமானது என்று கேட்டால், பெரும்பாலோர் முதல் பதினொரு பெயர்களைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பன்னிரண்டாவது ஆட்டக்காரர் யார் என்று கேட்பவர் குறைவு. மலேசியக் காற்பந்தின் வரலாறோ இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப எழுப்பியிருக்கிறது.

மலாக்காவின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் இருள் பிரியுமுன் பெரட்டு கூடும். ஒருவர் வராவிட்டால் அவருடைய நிரையை யார் வெட்டுவது என்பதை அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். மாற்று ஆள் இல்லாவிட்டால் அன்றைய வேலை கெட்டது.

நாட்டுக் குழுவுக்கும் இதே கணக்குதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன் தலைமையில் மலேசியா அமெரிக்காவை 3-0 என வென்றது. சந்திரன் விலகிய பின் தற்காப்பு சரிந்துவிடவில்லை. அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆனுக்குத் துணையாகச் சந்தோக் சிங் வந்து நின்றார். அவர்களுக்குப் பின்னால் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி, மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றது. புறக்கணிப்பால் குழு போகவில்லை என்பது வேறு கதை. ஒருவர் போனால் இன்னொருவர் ஆயத்தமாக இருந்தார் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

1994-95இல் ஆட்டத்தை விற்ற ஊழல் அம்பலமானது. 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டனர். 58 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஒரே நேரத்தில் இத்தனை இடங்கள் காலியானால் எந்த மாநிலம் தாங்கும்? இரசிகர்களும் அரங்கை விட்டு விலகினர்.

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தில் வேர்விட்ட பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆடியது. உள்ளூர் இளைஞர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால், அந்தப் பருவத்தோடு அது லீக்கிலிருந்து விலகிவிட்டது. மலாக்கா யுனைடெட்டுக்கும் 2023ஆம் ஆண்டு உரிமம் கிடைக்கவில்லை. குழுவே இல்லாதபோது மாற்று ஆட்டக்காரருக்கு இடம் ஏது?

எனவே, ஒரு குழுவை எடை போட நினைப்பவர்கள் மூன்றைக் கேட்கட்டும். கோல் காவலர் காயம்பட்டால் அடுத்தவர் யார்? வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரருக்குப் பின்னால் உள்ளூர்ப் பையன் ஒருவன் பழகி வருகிறானா? பருவம் முடியும்வரை சம்பளம் கொடுக்கப் பணம் இருக்கிறதா?

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்துவிட்டன. மாலையில் பையன்கள் பந்து உதைத்த தோட்டத் திடல்களும் அவற்றோடு போயின. அந்த இடத்தைப் பள்ளித் திடலும் பெற்றோரும்தான் நிரப்ப வேண்டும். இல்லையேல், நாளைய பெரட்டில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லத் தமிழ்ப் பிள்ளை ஒருவனும் இருக்கமாட்டான்.