ஒரு பவுண்டுக்கு விலைபோன கிளப்பும் ஒரு சட்டமும்

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வடக்கே பெரி என்றொரு ஊர். பருத்தி மில்கள் இருந்த ஊர். 1885ல் அங்கே ஒரு கால்பந்து கிளப் தொடங்கினார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆடலாம் என்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. ஒத்துக்கொண்டதும் அதே வருஷம்தான். 1900, 1903 என இரண்டு முறை பெரி எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தது. 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுண்டியை 6-0 என்று துவைத்து எடுத்தார்கள்.

2018 டிசம்பரில் இந்த கிளப் கை மாறியது. விலை எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு பவுண்டு. கூடவே தலைக்கு மேல் கடன். முந்தைய உரிமையாளர் கிக் லேன் மைதானத்தையே அடமானம் வைத்திருந்தார். புது உரிமையாளரிடம் பணம் இருக்கிறதா என்பதற்குப் போதிய ஆதாரம் லீக்குக்கு வந்து சேருவதற்கு முன்பே விற்பனை முடிந்துவிட்டது. 2019 ஆகஸ்ட் 27 அன்று பெரியை லீக்கிலிருந்து நீக்கினார்கள். 125 வருஷ லீக் வாழ்க்கை ஒரே நாளில் போச்சு.

அப்போ கண்காணிக்க வேண்டியவங்க என்ன செய்தாங்க? இதைத் தேடிப் போனபோதுதான் எனக்கு ஒரு பழைய கதை கிடைத்தது.

கிளப்புகள் லிமிடெட் கம்பெனிகளாக மாறத் தொடங்கிய 1890களிலேயே எஃப்.ஏ. ஒரு விதி போட்டது. பிற்காலத்தில் அதற்கு 34ஆம் விதி என்று பெயர். பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் டிவிடெண்டுக்கு உச்சவரம்பு. இயக்குநர்களுக்குச் சம்பளம் கிடையாது. கிளப்பைக் கலைத்தால் மிஞ்சும் சொத்து உள்ளூர் தர்மத்துக்கோ வேறு விளையாட்டு அமைப்புக்கோ போக வேண்டும். அதாவது, கிளப்பை நடத்தலாம். அதைக் கறந்து குடிக்க முடியாது.

1983ல் டாட்டன்ஹாம் கிளப் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. கிளப்புக்கு மேலே ஒரு ஹோல்டிங் கம்பெனியை வைத்து, அந்தக் கம்பெனியை லண்டன் பங்குச்சந்தையில் இறக்கியது. விதி கிளப்புக்குத்தானே, மேலே இருக்கும் கம்பெனிக்கு இல்லையே! எஃப்.ஏ. தடுக்கவில்லை. மற்ற கிளப்புகளும் அதே வழியில் போயின. விதி புத்தகத்தில் இருந்தது, உயிர்தான் இல்லை.

1992ல் பிரீமியர் லீக் வந்தது. அதன் பங்குதாரர்கள் அதில் ஆடும் 20 கிளப்புகளே. ஒரு விதியை மாற்ற 14 ஓட்டு வேண்டும். விதி போடுபவர்களும் விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர்களும் ஒரே ஆட்கள். என் துறையில் கோட் எழுதியவரே அதை டெஸ்ட் செய்து பாஸ் போட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அரசாங்கம் அதுவரை கால்பந்தில் கை வைத்ததே இல்லையா? வைத்தது, ஆனால் பிணங்கள் விழுந்த பிறகு. 1971ல் கிளாஸ்கோவின் இப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தார்கள். 1975ல் மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989ல் ஹில்ஸ்பரோவில் 97 உயிர்கள் போயின. அதன்பின் மைதானங்களுக்கு உரிமம் வழங்கும் முறை வந்தது. கேலரியை அரசு கவனித்தது. கணக்குப் புத்தகம் மட்டும் கிளப்புகளின் சொந்த விஷயமாகவே இருந்தது.

அதை மாற்றியவை இரண்டு. ஒன்று பெரி. இன்னொன்று, 2021 ஏப்ரலில் ஆறு பெரிய இங்கிலாந்து கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக்குக்குத் தாவப் பார்த்தது. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே நாளில் ஆறும் பின்வாங்கின. அதே வருஷம் டிரேசி க்ரவுச் தலைமையிலான ஆய்வு, சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்றது. கன்சர்வேட்டிவ் அரசு 2024ல் கொண்டுவந்த மசோதா தேர்தல் அறிவிப்போடு செத்தது. லேபர் அரசு அதைத் திரும்பக் கொண்டுவர, 2025 ஜூலை 21 அன்று சட்டமானது.

மேல் ஐந்து டிவிஷன்களில் உள்ள 116 கிளப்புகள் இனி உரிமம் வாங்க வேண்டும். உரிமையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதி வேண்டும். கிளப் சின்னத்தையும் ஜெர்சி நிறத்தையும் ரசிகர்களைக் கேட்காமல் மாற்ற முடியாது. இதெல்லாம் படிப்படியாக நடைமுறைக்கு வரும்.

எதிர்ப்பும் இருந்தது. முதலீடு ஓடிவிடும் என்றது பிரீமியர் லீக். அரசுத் தலையீடு கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு எச்சரித்தது. இதைச் சும்மா மிரட்டல் என்று தள்ள முடியாது. உச்ச நீதிமன்றம் நியமித்த குழு நிர்வாகம் செய்ததற்காக 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவையே சஸ்பெண்ட் செய்ததே! அதனால்தான் இங்கிலாந்தில் ஆட்ட விதிகளைத் தொடாமல், பணத்தையும் உரிமையையும் மட்டும் பார்க்கிற தனி அமைப்பாக இதை வடிவமைத்தார்கள்.

என் கணக்கில் இது புதுச் சட்டம் இல்லீங்க. 34ஆம் விதி காக்க நினைத்ததை, 130 வருஷம் கழித்து, மீறினால் தண்டிக்கும் அதிகாரத்தோடு நாடாளுமன்றம் திரும்ப எழுதியிருக்கிறது. எஃப்.ஏ. 1983லேயே உறுதியாக நின்றிருந்தால் இதற்குத் தேவையே வந்திருக்காது என்று தோன்றுகிறது.

பெரி? 2023ல் ரசிகர்களே நடத்தும் கிளப்பாகக் கிக் லேனுக்குத் திரும்பியது. ஒன்பதாவது டிவிஷனில், கிட்டத்தட்ட அடிமட்டத்திலிருந்து.