ஆடாமல் கறந்த மாடு

ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும். பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று நம்மவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பால் வேண்டுமானால் மாட்டின் சுபாவத்துக்கு மனுஷன்தான் வளைந்து கொடுக்க வேண்டும் என்பது இதன் தாத்பரியம். மோட்டார் வண்டியின் சரித்திரத்தில் ஏறக்குறைய நாற்பது வருஷ காலம் இதுவே வேதவாக்காக இருந்தது. வண்டி ஓட்டுவதில் இன்பம் வேண்டுமா? சரி, அந்த வண்டி நடுவழியில் நிற்கும், மழையில் ஒழுகும், இருட்டினால் விளக்கு எரியாது; சகித்துக்கொள். சங்கடமில்லாத வண்டி வேண்டுமா? சரி, இன்பத்தை மறந்துவிடு. இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்குமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பையனுக்கே ராஜகுமாரனின் அழகும் குமாஸ்தாவின் ஒழுங்கும் வேண்டுமென்று கேட்கும் பெண் வீட்டாரைப் பார்த்துச் சிரிப்பதுபோல, அப்படிக் கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டிலே உள்ள பழைய வண்டி தள்ளாமை அடைந்து, அதற்குப் பதில் வேறு வண்டி வாங்க வேண்டிய நாள் வந்ததும் இந்தக் கேள்வி குடும்பத்துக்குள் புகுந்துவிடும். எஜமானருக்கு மனசு ஒரு பக்கம் இழுக்கும். எஜமானியம்மாளின் புத்தி இன்னொரு பக்கம் இழுக்கும். இந்த இழுபறி ஒரு முழு தேசத்தையே பிடித்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அதைத் தீர்த்து வைத்தவர்கள் எங்கே இருந்து வந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் மாரிஸ் கராஜ் என்று ஒரு மோட்டார் வியாபார ஸ்தலம் இருந்தது. அதன் நிர்வாகி ஸெஸில் கிம்பர் என்பவர். சாதாரண மாரிஸ் வண்டியின் உறுப்புகளை எடுத்து, அவற்றின் மேல் ஒய்யாரமான உடலை வைத்து, 1920-களில் விற்க ஆரம்பித்தார். மாரிஸ் கராஜின் முதல் எழுத்துக்களே எம்.ஜி. என்ற பெயராயின. 1929-இல் தொழிற்சாலை ஆபிங்டன் என்ற சிற்றூருக்குப் போயிற்று. கிம்பர் 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நடந்த ரயில் விபத்தில் மாண்டார். அவர் வளர்த்த பெயர் உலகப் பிரசித்தி அடைந்ததோ அதற்குப் பிறகுதான்.

யுத்தம் முடிந்த சமயம் அது. பிரிட்டிஷ் சர்க்காரின் கஜானா காலி. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத்தான் எஃகு முதலில் கிடைக்கும் என்ற நிலைமை. எம்.ஜி. டி.ஸி. என்ற இரண்டு ஆசன வண்டி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. இங்கிலாந்தில் போர்ச் சேவகம் செய்து திரும்பிய அமெரிக்க இளைஞர்கள் அதை முன்பே பார்த்து மையல் கொண்டிருந்தார்கள். அதன் என்ஜின் 1,250 ஸி.ஸி.; சக்தி 54 குதிரை. உடலின் எலும்புக்கூடு மரம். ஸ்டியரிங் வலது பக்கம். அமெரிக்காவிலோ சாலையின் வலது ஓரமாகத்தான் வண்டி ஓட்ட வேண்டும். அமெரிக்கர்களின் சொந்த வண்டிகளோ வரவேற்பறை ஸோபாவைச் சக்கரத்தில் வைத்தது போன்றவை. இவ்வளவு இருந்தும், 1945-லிருந்து 1949 வரை செய்யப்பட்ட சுமார் 10,000 டி.ஸி. வண்டிகளில் ஏறக்குறைய 2,000 வண்டிகள் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

எண்ணிக்கை சொற்பந்தான், தொற்றிய மோகம் சொற்பமல்ல. சிறிய, லேசான வண்டி. கையை அசைத்தால் உடனே திரும்புகிறது. தலைக்கு மேலே ஆகாயம். முப்பது மைல் வேகத்திலேயே அறுபது மைல் வேகத்தின் குதூகலம். இந்தச் சுகத்தைக் கண்ட அமெரிக்கர்கள் அதன் பிறகு எம்.ஜி.ஏ., டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி என்று வந்தவற்றையெல்லாம் வாங்கினார்கள். 1962-இல் வந்த எம்.ஜி.பி. பதினெட்டு வருஷம் ஓடியது. அதன் சகோதர வண்டிகளையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்பனை.

இனி ஆட்டமும் பாட்டமும்! இரட்டைக் கார்புரேட்டர், இரண்டும் ஒரே சுருதியில் மூச்சு விட வேண்டும். ஒன்று சுருதி தப்பினால் என்ஜின் இருமும். எண்ணெய் ஒழுகும். ஒழுகவில்லையென்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பார்கள். மழை வந்துவிட்டால், இறங்கி நின்று கம்பிகளை மாட்டிப் படுதாவை இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் மழையே நின்றுவிடும். மின்சார சாமான்களைச் செய்து கொடுத்த லூகாஸ் கம்பெனிக்கு வண்டிக்காரர்கள் சூட்டிய பட்டம் 'இருட்டின் இளவரசர்'. வெள்ளைக்காரன் ஏன் பீர் பானத்தை ஜில்லென்று குடிப்பதில்லை தெரியுமா? அவன் வீட்டுக் குளிர்பெட்டியும் லூகாஸ் செய்ததுதான் என்று ஒரு வேடிக்கை அமெரிக்காவில் வெகுகாலம் வழங்கியது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி, இந்தத் தொல்லைகளையெல்லாம் அவர்கள் ஒருவித பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள் என்பது. தொல்லையைத் தாங்குகிறவன்தான் உண்மையான ரசிகன் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. வியாபாரிக்கு இதைவிட சௌகரியமான வாடிக்கைக்காரன் எங்கே கிடைப்பான்? குறையைக் குணமென்று எண்ணிக் கொண்டாடும்போது, குறையைத் திருத்த வேண்டிய அவசியந்தான் என்ன?

அந்த அசட்டையின் பலன் வந்து சேர்ந்தது. 1968-இல் இங்கிலாந்தின் பல மோட்டார் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆயின. உள்ளே ஓயாத வேலை நிறுத்தங்கள். புதிய வண்டிக்குப் பணம் இல்லை. 1975-இல் சர்க்காரே அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. இதற்கிடையே அமெரிக்காவில் புகைக்கும் விபத்துக்கும் கடுமையான சட்டங்கள் வந்தன. எம்.ஜி.பி.யின் முகத்தில் 1974-இல் கரிய ரப்பர் தடுப்பை மாட்டினார்கள்; தடுப்பு சட்டப்படியான உயரத்தில் இருக்க வேண்டுமென்று வண்டியையே தூக்கி நிறுத்தினார்கள். சாலையோடு ஒட்டிக்கொண்டு போன வண்டி, வளைவில் தள்ளாட ஆரம்பித்தது. பிறந்தபோது 95 குதிரைச் சக்தி இருந்த என்ஜின், அமெரிக்க வண்டியில் சுமார் 62-க்கு இறங்கிற்று. இன்பம் போய்விட்டது; இம்சை மட்டும் மிச்சம்.

1979 செப்டம்பரில் ஆபிங்டன் ஊர் எம்.ஜி. வந்த ஐம்பதாவது ஆண்டு விழாவைக் கொண்டாடிற்று. கொண்டாட்டம் ஓய்ந்த கையோடு, தொழிற்சாலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பவுன் நாணயத்தின் மதிப்பு ஏறி, அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு வண்டியிலும் நஷ்டம் என்றார்கள். 1980 அக்டோபரில் கதவு மூடிற்று. அதே ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் நின்றது. தகப்பனும் மகனும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த ஊருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கொட்டகைகளில் நின்ற பழைய எம்.ஜி.க்களுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. துரு கதவைத் தின்றது. வாலிபத்தில் அவற்றை வாங்கியவர்களுக்கு நரை கண்டுவிட்டது. பெண்டாட்டி, பிள்ளை, காலையில் குறித்த நேரத்தில் ஆபீஸ். பழைய வண்டியை விற்றால் அதன் ஸ்தானத்தில் எதை நிறுத்துவது? ஜப்பானிய நான்கு கதவு வண்டி சாவியைத் திருப்பினால் கிளம்பும். ஆனால் கிளம்பியது தவிர வேறு விசேஷமில்லை. ஜப்பானியர் செய்த டாட்ஸன் 240 இஸட் 1969-லேயே வந்து, வேகமும் ஒழுங்கும் சேர முடியும் என்று கொஞ்சம் காட்டியது. ஆனால் அது கூரை போட்ட, ஆறு ஸிலிண்டர் வண்டி. ஆகாயத்தைத் தேடியவனுக்கு அது போதவில்லை.

பதில் ஹிரோஷிமாவிலிருந்து வந்தது. அந்நகரில் டோயோ கோக்யோ என்ற கம்பெனி 1920-இல் தக்கை செய்வதற்காகத் தொடங்கப்பட்டு, 1931-இல் மாஸ்டா என்ற பெயரில் மூன்று சக்கர லாரி செய்ய ஆரம்பித்தது. 1945 ஆகஸ்டில் அணுகுண்டு விழுந்தபோது, ஒரு குன்றின் மறைவில் இருந்ததால் தொழிற்சாலை பெரும் சேதமின்றித் தப்பிற்று. நகரத்தில் கட்டடம் ஏது? மாகாண அரசாங்க அலுவலகங்களே சில காலம் அங்கே குடியிருந்தன. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய கெனிச்சி யாமாமோட்டோ என்ற என்ஜினீயர், அங்கே லாரிக்குக் கியர் பெட்டி பூட்டும் சாதாரண வேலையில் சேர்ந்தார்.

இவருக்கும் ஒரு ஆடுகிற மாடு வாய்த்திருந்தது. ஜெர்மானியர் கண்டுபிடித்த சுழல் என்ஜினை ஓடவைக்கும் பொறுப்பு 1963-இல் அவர் தலையில் விழுந்தது. உள்ளே சுழலும் முக்கோணத்தின் முனைகள் உறையின் சுவரைக் கீறிக்கொண்டே இருந்தன. 'பிசாசின் நகக்கீறல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விடாப்பிடியாகப் போராடி, 1967-இல் அந்த என்ஜினோடு காஸ்மோ என்ற அழகான வண்டியை வெளியிட்டார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. சுழல் என்ஜின் பெட்ரோலை மடமடவென்று குடிக்கும். கம்பெனி மூழ்கும் நிலைக்கு வந்து, பாங்கியின் தயவில் பிழைத்தது. வினோத யந்திரத்தின் மேல் கொள்ளும் காதலுக்கு என்ன விலை என்பதை மாஸ்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் யாமாமோட்டோவைச் சந்தித்தார். அடுத்தபடி எந்த வண்டி செய்யலாம் என்ற பேச்சு வந்தது. பழைய இங்கிலீஷ் வண்டி போல எளிய, லேசான, திறந்த வண்டியைச் செய்யுங்கள். அதைச் செய்ய இப்போது யாருமில்லை என்றார் ஹால். சில வருஷங்களில் ஹாலே மாஸ்டாவின் கலிபோர்னியா நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். 1984-இல் கம்பெனிக்குள் போட்டி வைத்தார்கள். டோக்கியோக் கோஷ்டி, முன் சக்கரம் இழுக்கும் வண்டி ஒன்றும், நடுவில் என்ஜின் உள்ள வண்டி ஒன்றும் வரைந்தது. கலிபோர்னியாக் கோஷ்டி பழைய முறையைப் பிடித்தது: முன்னால் என்ஜின், பின் சக்கரத்துக்கு விசை. கலிபோர்னியா ஜெயித்தது. ஓடக்கூடிய முதல் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது எந்த ஊர் தெரியுமா? இங்கிலாந்தில் உள்ள வொர்த்திங்! அந்த வண்டியை 1985-இல் கலிபோர்னியாவின் ஸாண்டா பார்பரா வீதிகளில் ஓட்டிப் பார்த்தபோது, வழியில் போனவர்கள் துரத்திக்கொண்டு வந்து 'எங்கே விற்கிறது?' என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

வண்டியை உருவாக்கும் பொறுப்பு தோஷிஹிகோ ஹிராய் என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. குதிரை மேலிருந்து அம்பு எய்யும் ஜப்பானிய வீரர் மரபிலிருந்து ஒரு சொல்லை அவர் எடுத்துக்கொண்டார்: 'ஜின்பா இத்தாய்', குதிரையும் வீரனும் ஓருயிர் என்று பொருள். ஓட்டுகிறவனின் கை, கால், காது, முதுகு ஒவ்வொன்றும் எதை உணர்ந்தால் அந்த ஒற்றுமை உண்டாகும் என்று பட்டியல் போட்டார்கள். கியர் குச்சி சிறிதாக, சட்டென்று விழவேண்டும். எக்ஸாஸ்ட் குழாயின் ஒலி காதுக்கு இதமாக இருக்கவேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் எடை முன்னும் பின்னும் சமமாக நிற்கவேண்டும். எடை குறைய வேண்டுமென்று என்ஜின் மூடியை அலுமினியத்தில் செய்தார்கள். வண்டி முழுதும் ஆயிரம் கிலோவுக்குள் அடங்கிற்று.

என்ஜின் விஷயத்தில்தான் அவர்களுடைய விவேகம் தெரிகிறது. சுழல் என்ஜினால் புகழ் பெற்ற கம்பெனி, இந்த வண்டிக்கு அதை வைக்கவில்லை. கம்பெனியின் சாதாரணக் குடும்ப வண்டியில் இருந்த 1.6 லிட்டர் என்ஜினின் வம்சத்தையே எடுத்து, ரெட்டை காம் ஷாஃப்டோடு சுமார் 115 குதிரைச் சக்திக்குத் தயார் செய்தார்கள். கார்புரேட்டர் கிடையாது, ஆகவே சுருதி சேர்க்கும் வேலையும் கிடையாது. படுதாவை ஆசனத்தில் இருந்தபடியே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளலாம். எதில் புதுமை வேண்டும், எதில் பழக்கப்பட்ட சாதுவான யந்திரம் போதும் என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 1973-இல் பட்ட அடி அதற்கு உதவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அந்த எம்.எக்ஸ்.-5 வெளிவந்தது. அமெரிக்காவில் அதன் பெயர் மியாட்டா. விலை 13,800 டாலர். அதற்கு மேலும் சில ஆயிரங்களை வியாபாரியின் கையில் திணித்து வாங்கிப் போனார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனி, தன்னுடைய புகழ்பெற்ற பழைய எலான் என்ற பெயரில் புதிய வண்டி ஒன்றை வெளியிட்டது. அதன் வயிற்றிலே இருந்தது ஜப்பானிய இசுஸு என்ஜின்! அந்த எலான் சில ஆயிரங்களோடு நின்றுபோயிற்று. மாஸ்டாவோ 2000-இல் 5,31,890 வண்டிகளோடு, உலகத்தில் அதிகம் செய்யப்பட்ட இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் வண்டி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. 2016 ஏப்ரலில் பத்து லட்சத்தைத் தொட்டது. செத்துவிட்டதென்று முடிவு கட்டிய ரகத்தில் பி.எம்.டபிள்யூ., மெர்ஸிடிஸ், போர்ஷ் எல்லாம் 1990-களில் புதிய வண்டிகளோடு இறங்கின, எம்.ஜி.யே 1995-இல் ஒன்று கொண்டு வந்தது.

அப்பழுக்கில்லாத வண்டி என்று சொன்னால் அது பொய். முதல் ஓரிரு வருஷத்து என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் முனை தேய்ந்து தொந்தரவு கொடுத்தது, பிறகு திருத்தினார்கள். ஈர நாடுகளில் துருவும் பிடித்தது. ஆனால் அவற்றைக் குறை என்றே எல்லோரும் சொன்னார்கள். குணம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை.

பழைய ரசிகர்கள் சிலர் மட்டும் முகம் சுளித்தார்கள். "எல்லாம் சரி, ஆத்மா இல்லையே!" என்றார்கள். அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. இருபது வருஷம் ஒரு வண்டியின் அடியில் படுத்துப் பழுது பார்த்தவனுக்கு அதன் நோய்களும் சொந்தமாகிவிடுகின்றன. ஆனாலும் அவர்கள் நேசித்தது எதை? திருப்பியவுடன் திரும்பிய சக்கரத்தையா, அணைந்துபோன விளக்கையா? இரண்டும் ஒரே வண்டியில் இருந்ததால் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிட்டார்கள். ஆபிங்டனின் முதலாளிகளும் அப்படியே எண்ணி, ஊரின் பிழைப்பையே தோற்றார்கள்.

பழைய வண்டியை மாற்ற நினைக்கும் நண்பர்கள் யோசனை கேட்டால் நான் ஒன்று சொல்வதுண்டு. புதிய வண்டிகளின் விளம்பரத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுத்து, நடுவிலே கோடு போடுங்கள். பழைய வண்டியில் எது போனால் மனசு ஏங்குமோ அதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எது பழகிப் போய்விட்டதோ அதை மறு பக்கத்தில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் நாலைந்து வரிக்கு மேல் பெரும்பாலும் வராது. அந்த நாலைந்து வரிகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வீட்டிலே எஜமானியம்மாளும் அநேகமாகச் சம்மதித்துவிடுவாள்.