பிட்டும் வெள்ளாட்டுக்குட்டியும்

மதுரை வில்லாபுரத்திலிருந்து நகரைக் கடந்து வைகையின் தென்கரைக்குப் போனால், ஆரப்பாளையத்தை ஒட்டி வருகிறது புட்டுத்தோப்பு. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கநாதரும் அங்கே எழுந்தருள்கிறார்கள். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் வந்து சேர்கிறார்கள். அவ்விழா நினைவுகூரும் கதையில், வந்திக் கிழவியிடம் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு வைகைக் கரையடைக்க வந்த ஆள் சிவனே என்பது, பாண்டியன் அவரை அடித்த பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்த பிறகே ஊருக்குத் தெரிந்தது. பரஞ்சோதி முனிவர் இதைத் திருவிளையாடற் புராணத்தின் 61ஆம் படலமாகப் பாடினார். கதை அவருக்கு வெகுகாலம் முந்தியது. மண் சுமந்ததையும் கூலி பெற்றதையும் அடிபட்டதையும் திருவாசகமே சொல்கிறது.

எபிரேய வேதத்திலும் இப்படி அடையாளம் தெரியாமல் வருகிறவர்கள் உண்டு. 'விருந்தாளியை உபசரி, வந்தவர் தேவதூதராகவும் இருக்கலாம்' என்பதே அக்கதைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருள். புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரமும் அவற்றை அப்படித்தான் படிக்கிறது. ஆனால் நியாயாதிபதிகள் புத்தகத்தில் அந்த விளக்கம் நிற்கவில்லை. 13ஆம் அதிகாரத்தில், வந்தவர் தூதர் என்று அறியாத மனோவா வெள்ளாட்டுக்குட்டி சமைத்துத் தருகிறேன் என்கிறார். சாப்பிடமாட்டேன், வேண்டுமானால் கர்த்தருக்குத் தகனபலியாகச் செலுத்து என்று பதில் வருகிறது. பெயர் கேட்டாலும் சொல்லவில்லை. பாறைமேல் பலியிட்டபோது எழுந்த ஜுவாலையிலேயே தூதர் ஏறிப் போகிறார். அப்போதுதான் மனோவாவுக்கு விளங்குகிறது. 6ஆம் அதிகாரத்தில் கிதியோன் ஆட்டுக்குட்டியும் ஒரு மரக்கால் மாவில் புளிப்பில்லாத அப்பமும் செய்து கொண்டுவருகிறார். தூதரின் கோல் நுனி பட்டதும் கற்பாறையிலிருந்து நெருப்பெழுந்து எல்லாவற்றையும் பட்சிக்கிறது. உடனே கிதியோன் அங்கே பலிபீடம் கட்டுகிறார். அது இந்நாள்வரைக்கும் ஓப்ராவில் இருக்கிறது என்று நூல் முடித்துவைக்கிறது. இந்தக் கடைசிக் குறிப்பு உபசாரத்தைப் போதிக்கிறவனுக்கு எதற்கு? ஓர் இடத்தில் பலியிடும் வழக்கம் எப்படி வந்தது என்று சொல்கிறவனுக்கே அது தேவை. நம் ஊர் வழக்கில் சொன்னால் இவை தலபுராணங்கள். தலபுராணம் என்றதும் கட்டுக்கதை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

சிவன் பிட்டைத் தின்றார், எபிரேயத் தூதர் தொடவேயில்லை, இரண்டையும் எப்படி ஒன்றாக வைப்பது என்று கேட்கலாம். வேறுபாடு உண்மைதான், சிறியதும் அல்ல. கடவுளுக்குரிய பலி தூதருக்குப் போய்விடக் கூடாது என்பதில் நியாயாதிபதிகள் நூல் கறாராக இருக்கிறது. மதுரையிலோ ஏவலாளே ஆண்டவன் என்பதால் அந்தக் கவலையே எழவில்லை. ஆனால் சோறு எந்த வழியில் போனாலும், ஏழை அடுப்பில் வெந்த சாதாரணப் பண்டம் நைவேத்தியமாக மாறிய கணத்தைத்தான் இரு கதைகளும் பிடித்துவைக்கின்றன.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஆதியாகமம் 18. மம்ரேயில் ஆபிரகாம் மூன்றுபடி மாவில் அப்பமும் இளங்கன்றின் கறியும் வெண்ணெயும் பாலும் வைக்கிறார். வந்த மூவரும் சாப்பிடுகிறார்கள். நெருப்புமில்லை, பீடமுமில்லை. பிற்கால யூத அறிஞர்களுக்கு இது சங்கடமாகவே இருந்தது. தூதர்கள் சாப்பிடுவதுபோல் காட்டிக்கொண்டார்கள் என்று தல்மூது சமாதானம் சொல்கிறது. ஆனால் அதே மம்ரேயில் ஆபிரகாம் முன்பே ஒரு பலிபீடம் கட்டியிருந்ததை 13ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். அந்த இடத்தின் பிற்கால வரலாறும் என் பக்கமே பேசுகிறது. யூதர், கிறிஸ்தவர், பல தெய்வங்களை வணங்கியவர் என எல்லோரும் கோடைதோறும் அங்கே கூடினார்கள். பலி கொடுத்தார்கள், கிணற்றில் திராட்சரசமும் பணியாரமும் காசும் போட்டார்கள், சந்தையும் களைகட்டியது. 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அங்கிருந்த பீடத்தை இடித்துத் தேவாலயம் கட்ட ஆணையிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய திருச்சபை வரலாற்றாசிரியர் சோசோமன், தன் காலத்திலும் அந்தத் திருவிழா நடந்துகொண்டிருப்பதாகவே குறிப்பிடுகிறார்.