கலப்பையின் ஆழம் காத்த வால்வு

ஜூன் தொடக்கத்தில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களில் உழவு சூடுபிடிக்கும். அங்கே கலப்பையைத் தூக்கி இறக்கும் டிராக்டர் லிஃப்ட்டின் பூர்வீகம் அயர்லாந்து. அதன் தகப்பன் ஹாரி பெர்குசன்.

1936இல் விற்பனைக்கு வந்த அவரது டிராக்டரில் கலப்பையைப் பூட்டும் மூன்று முனை இணைப்பும், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்ஸும் கைகோத்தன. கெட்டி மண்ணில் கலப்பை திணறினால் இணைப்பின் மேல் தண்டு ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும். ஸ்பிரிங் வால்வை நகர்த்தும். ஆயில் பாய்ந்து கலப்பை சற்றே எழும். டிரைவர் லிவரைத் தொடவே வேண்டாம். எலெக்ட்ரானிக்ஸ் எட்டிப் பார்க்காத காலத்தில் இப்படியொரு சூட்சுமம்!

1960இல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி பிறந்தது. அவர் பெயரைத் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்கள் இங்கேயே தயாராகின. பெர்குசன் மறைந்ததும் அதே ஆண்டுதான்.

வால்வும் ஆயிலும் ஆட்சி செய்யும் இன்னொரு வண்டி, மண் தோண்டும் பேக்ஹோ. ஜேசிபி கம்பெனி தன் முதல் பேக்ஹோவை 1953இல் செய்தது. 1979இல் இந்தியா வந்தது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம்மூரில் அது ‘ஜேசிபி’தான். அதன் கையை ஆட்டுவிப்பவை வால்வுத் துளைக்குள் முன்னும் பின்னும் ஓடும் ஸ்பூல் எனும் உருளைகள். ஸ்பூலுக்கும் துளைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான். அழுக்கு ஆயில் அங்கே கீறல் போட்டால், தூக்கி நிறுத்திய பக்கெட் தானாகவே மெல்ல இறங்கும். மெக்கானிக்குகள் ஃபில்டரை முதலில் கழற்றிப் பார்ப்பது அதனால்தான்.