உருக்கப்பட்ட வெள்ளி ரூபாய்கள்

திருத்தணிகையில் ஆங்கில ஆண்டின் கடைசி நாள் படித்திருவிழாவுக்கு உரியது. மலைக்குச் செல்லும் 365 படிகளிலும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, படிதோறும் திருப்புகழ் பாடி ஏறும் அடியார் கூட்டம், புத்தாண்டு பிறக்கும் வேளையில் முருகன் திருமுன் நிற்கும். தமிழ்ப் புத்தாண்டு சித்திரையில் இருக்க, ஆங்கிலப் புத்தாண்டுக்கு ஏன் இத்துணைச் சிறப்பு என்று வெளியூரார் வினவுவதுண்டு. ஜனவரி முதல் நாளில் எலுமிச்சம்பழமும் மாலையும் ஏந்தி வெள்ளைத் துரைமார்களின் வாயிலில் காத்து நின்று வணங்கும் வழக்கம் அந்நாளில் நம்மவரிடையே வேரூன்றியிருந்தது. அதனை மாற்றி, துரைகளுக்கெல்லாம் துரையான தணிகை வேலனை முதலில் வணங்கச் செய்ய வேண்டும் என்று வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் கண்ட வழியே படித்திருவிழா என்பர்.

அந்தத் துரைமார்கள் அதே வாரத்தை எவ்வாறு கழித்தனர்? விருந்து, வேட்டை, நடனம், பந்தாட்டம் என்று அவ்வாரம் அவர்களுக்கு நிறைந்திருந்தது. அத்தகைய ஒரு வாரத்தில் கல்கத்தாவில் ஆடப்பட்ட ஓர் ஆட்டத்திலிருந்து ஒரு கழகம் பிறந்தது. ஐந்தே ஆண்டுகள் வாழ்ந்து அது கலைந்தது. ஆயினும் அதன் பெயரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றளவும் ஆண்டுதோறும் உச்சரித்து வருகின்றன.

1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேயர் 20 பேர் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நாட்டார் 20 பேர் மறுபக்கமும் நின்று ரக்பி ஆடினர். நீள்வட்ட வடிவான பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவதும் இவ்வாட்டத்தின் இயல்பு. நம் நாட்டுச் சடுகுடு அறிந்தவர்க்கு அதன் உணர்ச்சியை விளக்க வேண்டுவதில்லை. ஆட்டம் பெரிதும் சுவைக்கவே, ஒரு வாரம் கழித்து மீண்டும் ஆடினர். அந்த உற்சாகம் தணியுமுன், 1873 ஜனவரியில் கல்கத்தா கால்பந்துக் கழகம் அமைந்தது. பெயரில் கால்பந்து என்றிருப்பினும், ஆடியது ரக்பியே. லண்டனில் 1871இல் தோன்றியிருந்த ரக்பிச் சங்கத்தில் 1874இல் இக்கழகமும் உறுப்பாயிற்று.

தொடக்கத்தில் கழகம் செழித்தது. உறுப்பினர்க்கு மது இலவசமாக வழங்கப்பட்டது அச்செழிப்புக்கு ஒரு காரணம். இது கேலிக்காகக் கூறப்படுவதன்று. இலவச மது நிறுத்தப்பட்டதும் உறுப்பினர் தொகை சரிந்தது என்பதை அக்கழகத்தின் வரலாற்றைச் சொல்வோர் எவரும் மறைப்பதில்லை. வங்கத்து வெயிலும் புழுக்கமும் இவ்வாட்டத்துக்கு ஒவ்வவில்லை. ஆடிய படைவீரர்கள் வேற்றூருக்கு மாற்றப்பட்டனர். டென்னிசும் குதிரைமேல் ஆடும் போலோவும் இந்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை எனப் பலர் அவ்வழி சென்றனர். சங்கம் வைத்து நடத்தியோர் அனைவரும் அறிந்த காட்சியே இது: முதலாண்டுக் கூட்டத்தில் நாற்காலி போதாது, ஐந்தாம் ஆண்டிலோ செயலாளரே நாற்காலியை விரித்து, அவரே மடக்கியும் வைப்பார்.

கல்கத்தாக் கழகத்தில் அவ்வாறு எஞ்சியிருந்தவர் ஜேம்ஸ் ராத்னி. அணித்தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று பொறுப்புகளும் அவர் ஒருவர் தலையிலேயே இருந்தன. இவர் வணிகர், அத்துடன் எறும்பு ஆராய்ச்சியாளர். பாரக்பூர்ப் பூங்காவில் எறும்பும் குளவியும் தேடித் திரிந்து, இந்திய எறும்புகளைப் பற்றி ஆய்வுரைகள் வெளியிட்டவர். சிற்றுயிர்கள் திரண்டு வாழும் வாழ்வைக் குனிந்து நோக்கிய கண்ணுக்கு, மனிதர் கூடிக் கலைவதும் புலப்பட்டிருக்கும் போலும்.

கழகம் இனி நிலைக்காது என்றானபின், வங்கியில் இருந்த பணத்தை என்செய்வது என்ற வினா எழுந்தது. பங்கிட்டுக்கொண்டிருக்கலாம், ஒரே இரவு விருந்தில் தீர்த்துமிருக்கலாம். அவ்வாறு முடிந்த கழகங்கள் எத்தனையோ. அவற்றின் பெயர் யாருக்கும் தெரியாது. ராத்னி 1877 டிசம்பர் 20ஆம் நாள் லண்டன் சங்கத்துக்கு ஒரு மடல் எழுதினார். எஞ்சிய தொகையைக் கொண்டு இந்திய வேலைப்பாடு உடைய ஒரு கோப்பை செய்து அளிக்கிறோம்; ஆட்டத்துக்கு நிலைத்த நன்மையாகவும் எம் கழகத்தின் சிறு நினைவாகவும் அது இருக்கட்டும் என்பது அம்மடலின் கருத்து. சங்கம் இசைந்தது. வங்கியிலிருந்து வெள்ளி ரூபாய்களாகவே பணம் எடுக்கப்பட்டது. 270 ரூபாய் என்பது வழிவழி வரும் கணக்கு. ஒரு ரூபாய் ஒரு தோலா எடை. ஆகவே மூன்று கிலோவுக்குச் சற்று மிகுந்த வெள்ளி உலையில் இடப்பட்டது.

உருவானது ஏறத்தாழ ஒன்றரை அடி உயரக் கோப்பை. உடலெங்கும் நுண்ணிய செதுக்கு வேலை. கைப்பிடிகளாக மூன்று கருநாகங்கள் படமெடுத்து நிற்கின்றன. மூடியின் உச்சியில் அம்பாரி தாங்கிய யானை. அரசப் பிரதிநிதியின் யானையைப் பார்த்துச் செய்தது என்பர். ரூபாயில் பொறித்திருந்த விக்டோரியாவின் முகம் உருகிப்போய், நம் நாட்டுத் தட்டானின் கையில் நாகமும் யானையும் ஆகிவிட்டது. அத்தட்டானின் பெயரைக் கோப்பை சொல்லவில்லை.

மடல் எழுதப்பட்ட காலத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1877 டிசம்பர் என்பது தமிழ்க் கணக்கில் ஈசுவர ஆண்டு மார்கழி. அதற்கு முந்திய தாது ஆண்டின் பெயரைக் கேட்டாலே நம் பாட்டன்மார் நடுங்கினர். பருவமழை பொய்த்துத் தொடங்கிய அப்பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. திருத்தணிகை அன்று அடங்கியிருந்த வடஆர்க்காடு மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆடவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1877இன் தொடக்கத்தில் வரையறுத்தார். அக்கூலி உயிர்தாங்கப் போதாது எனச் சென்னையிலிருந்த மருத்துவ அதிகாரிகளே வாதாடினர். ரூபாய்க்கு 16 அணா. உலையில் இடப்பட்ட 270 ரூபாயும் 4,320 அணா. அத்தனை நாள் கூலியின் காசுப் பங்கு அது. ராத்னி இதற்குப் பொறுப்பாளியல்லர். கல்கத்தாவில் அமர்ந்தவர் கண்ணுக்குத் தெற்கத்திப் பஞ்சம் தொலைவிலிருந்த செய்தி. ஆயினும் அந்த வெள்ளியின் மதிப்பை அக்காலத்து அளவைகொண்டு நிறுத்துப் பார்ப்பதே முறை.

அதே 1877இல், சென்னைப் பஞ்சத்துக்கென லண்டன் நகரத் தலைவர் திறந்த நிதிக்கு வட இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை நகரங்களும் பொருள் அனுப்பின. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பஞ்சு வராமல் ஆலைகள் மூடிக்கிடக்கப் பட்டினியை அறிந்த ஊர்கள் அவை. ரக்பியின் அடுத்த வரலாறு அந்த ஊர்களில்தான் நிகழ்ந்தது.

கழகங்கள் போட்டியிட்டு வெல்லும் பரிசாகத் தம் கோப்பை அமைய வேண்டும் என்பதே கல்கத்தாவினர் முதலில் கொண்ட விருப்பம். சங்கமோ அதனை இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான ஆட்டத்துக்கு உரியதாக்கிற்று. 1879 மார்ச்சில் எடின்பரோவில் அதற்கான முதல் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மறு ஆண்டு மான்செஸ்டர் நகரின் வேலி ரேஞ்ச் திடலில் இங்கிலாந்து வென்றது. ஆக, அக்கோப்பை முதன்முதலில் வெல்லப்பட்டதும் வட இங்கிலாந்து மண்ணிலேதான்.

அம்மண்ணில் ரக்பி ஆடியோரில் பலர் கனவான்கள் அல்லர். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை முற்பகல் வேலையை விட்டு ஆடச் சென்றால் அப்பொழுதுக்குரிய கூலி போயிற்று. இழந்த கூலியையேனும் ஈடுசெய்யக் கழகங்களுக்கு அனுமதி வேண்டும் என்று யார்க்‌ஷயர்க் கழகங்கள் 1893இல் லண்டன் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொணர்ந்தன. 282க்கு 136 என்ற வாக்குக் கணக்கில் அது தோற்றது. விளையாட்டுக்குக் காசு வாங்குவது இழுக்கு என்பது தெற்கத்திக் கனவான்களின் வாதம். பணத்தை உருக்கிக் கோப்பை செய்யும் வாய்ப்புடையார்க்கு அவ்வாதம் எளிது. வட இங்கிலாந்துக் கழகங்கள் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடிப் பிரிந்தன. கூலி இழப்புக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று அவை வகுத்துக்கொண்டன. அவை வளர்த்த ஆட்டமே பின்னர் அணிக்கு 13 பேராக மாறி, ரக்பி லீக் என வேறு பெயர் பெற்றது. பழைய ஆட்டமான ரக்பி யூனியன் தன் நோன்பை ஒரு நூற்றாண்டு காத்தது. 1995 ஆகஸ்டில், பிரிவு நேர்ந்த அதே மாதத்தில், சரியாக நூறாண்டு கழித்து, ஆட்டக்காரர்க்கு ஊதியம் தரலாம் என அதுவும் இசைந்தது.

இசைந்த சில வாரங்களில் வட இங்கிலாந்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ராத்னி மடல் எழுதிய அதே 1877இல் தொடங்கப்பட்டது காஸ்ஃபோர்த் என்ற கழகம். நியூகாசில் நகர்சார்ந்த அக்கழகத்தை ஜான் ஹால் என்ற செல்வர் வாங்கி, ஊதியம் பெறும் வீரர்களை முதன்முதல் திரட்டியோரில் ஒருவரானார். நியூகாசில் ஃபால்கன்ஸ் எனப் பெயர் மாறிய அவ்வணி 1998இல் இங்கிலாந்தின் பட்டம் வென்றது. பின்னர் கை மாறி, பல பருவங்கள் பட்டியலின் அடியில் கிடந்து, 2025இல் ஆஸ்திரியாவின் ரெட்புல் என்னும் பான நிறுவனத்தின் உடைமையாயிற்று. பெயரும் அதற்கேற்ப மாறிற்று. இலவசப் பானம் நின்றதால் ஒரு கழகம் கலைந்தது. பானம் விற்றவர் பணத்தால் மற்றொன்று பிழைத்தது!

கல்கத்தாவில் என்ன ஆயிற்று? கழகம் 1884இல் மீண்டும் உயிர்பெற்றது. 1965இல் அவ்வூர்க் கிரிக்கெட் கழகத்தோடு இணைந்து இன்றும் இயங்குகிறது. முதற்கழகத்தின் ஆட்டத்தில் இந்தியர்க்கு இடமிருக்கவில்லை. வேலிக்கு வெளியே நிற்கலாம். அவ்வாறு நின்ற நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவனிடம் 1877இல் ஒருநாள் பந்து உருண்டு வந்ததாகவும், அவன் அதை உதைத்துத் திருப்பி அனுப்பியதாகவும் வங்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. பள்ளித் தோழரிடம் காசு திரட்டி அவன் வாங்கிய பந்து ரக்பிப் பந்தாக இருந்ததாம். கண்டு நகைத்த ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் உருண்டைப் பந்து வாங்கிக் கொடுத்தாராம். இந்தியக் கால்பந்தின் தந்தை என வங்கத்தார் போற்றுவது அவரையே. 1911 ஜூலை 29 அன்று, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, கல்கத்தா மைதானத்தில் வெள்ளையர் அணியொன்றை வீழ்த்திக் கேடயம் வென்றதே, அந்த வீழ்ந்த அணி கிழக்கு யார்க்‌ஷயர்ப் படைப்பிரிவு.

தமிழகத்தில் ரக்பி நெடுங்காலம் சென்னை ஜிம்கானா கழகத்தின் புல்தரையைத் தாண்டிப் பெரிதும் பரவவில்லை. 2025 ஜூனில், அணிக்கு எழுவர் ஆடும் குறுவடிவில், ஊதியத்துக்கு ஆடும் அணிகளின் முதல் இந்தியப் போட்டி மும்பையில் நடந்தது. ஆறு அணிகளில் சென்னை புல்ஸ் என்ற அணி இறுதியாட்டத்தில் டெல்லியை வென்று முதற்பட்டம் பெற்றது. கழகம் என்று சொல்லுமளவுக்கு அதற்கு இன்னும் வயதாகவில்லை.

உருக்கிய ரூபாய்க் கோப்பை இப்பொழுது நொய்ந்துவிட்டது. 1988இல் எடின்பரோவில், ஆட்டம் முடிந்த இரவு, இரு நாட்டு ஆட்டக்காரர் இருவர் மது மயக்கத்தில் அதனைத் தெருவில் உதைத்து விளையாடி நசுக்கினர், பின் செப்பனிடப்பட்டது. கோப்பையின் மர அடிப்பீடத்தில் ஆண்டுதோறும் ஆட்ட நாளும், வென்ற நாடும், இரு அணித்தலைவர் பெயரும் பொறித்த தகடுகள் உள்ளன. அவற்றை முதலிலிருந்து படித்து வருவோர் ஒரு விந்தையைக் காண்பர். பொறிப்பு 1879இல் தொடங்கவில்லை. இரு நாடுகளும் முதன்முதல் மோதிய 1871இலிருந்தே தொடங்குகிறது. அவ்வாண்டில் கோப்பை இல்லை, கல்கத்தாக் கழகமும் இல்லை. அந்த வெள்ளி அப்போது யார் யார் மடியிலோ ரூபாயாக இருந்தது.